மழை ஜெபமும் வெயில் ஜெபமும்

போன பதிவில் விதை உளுந்து விலை பற்றிப் புலம்பியிருந்தேன். இந்தத் தடவை பயிர் இல்லை, கோயில். அதுவும் வேதக்கோயில்.

டவுன்காரங்களுக்கு ஒரு விளக்கம். எங்க கரிசல் பக்கம் சர்ச்சை ‘வேதக்கோயில்’னுதான் சொல்வோம். அங்க கும்பிடுறவங்க ‘வேதக்காரங்க’. மணி அடிச்சு, விளக்குப் போட்டு, கூட்டிப் பெருக்கி கோயிலைப் பார்த்துக்கிறவர் ‘கோவில்பிள்ளை’. ஊருக்குள்ளேயே குடியிருந்து ஜெபம் நடத்துறவர் ‘உபதேசியார்’. பத்துப் பதினைந்து ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு ‘சேகரம்’, அதுக்குப் பொறுப்பானவர் ‘சேகரகுரு’. இந்த வார்த்தைகள் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானா விளங்கிடும்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் நண்பர் போனில் கேட்டார்: “உங்க பக்கம் சர்ச்சுல கோழி, பூசணிக்காய் எல்லாம் ஏலம் விடுவாங்களாமே, நெசமா?”

நெசம்தான். ஸ்தோத்திரப் பண்டிகைன்னு பேர். வருஷத்துக்கு ஒரு தடவை விளைச்சலைக் கொண்டுபோய் கோயிலில் வைப்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல ஏலம். நான் வேதக்காரன் இல்லை, எங்க வீட்டுக் கும்பிடு அய்யனாருக்கு. ஆனாலும் ஏலத்துக்குப் போவேன். சந்தையில் பத்து ரூபாய்க்கு விக்கிற பூசணிக்காய் அங்கே நூறு ரூபாய்க்குப் போகும். யாரும் ஏமாறலை, எல்லாருக்கும் தெரிஞ்சுதான் கூடக் கேட்கிறாங்க.

நண்பருக்குப் பதில் சொல்லப் போய், இதெல்லாம் எங்கே இருந்து வந்ததுன்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஒரு ஆராதனையை எப்படி அமைக்கணும், எந்த நாள், எந்த நேரம், என்ன பாட்டு, யார் பக்கத்தில் யார் உட்காரணும், முடிஞ்சதும் சாப்பாடு உண்டா இல்லையா என்பதற்கெல்லாம் பின்னால் இருநூறு வருஷத்துச் சண்டையும் யோசனையும் இருக்கு. அதில் பாதி நம்ம சிவகாசி, மதுரை மண்ணிலேயே நடந்திருக்கு.

கூடாரம் போட்டவர்கள்

1910ல் இராமநாதபுரம் மாவட்டம் உண்டாகும் வரைக்கும் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலியோடு இருந்தவை. ‘வடக்குத் திருநெல்வேலி’ என்பார்கள். தெற்கே, அதாவது செம்மண் தேரியும் பனையும் இருக்கிற பக்கம், 1850 வாக்கிலேயே ஊருக்கு ஊர் சபை இருந்தது. வடக்கே கரிசலில் ரொம்பக் குறைவு.

1854ல் தாமஸ் ராக்லண்ட் என்று ஒரு பாதிரியார் இங்கே வந்தார். ஜிப்ரால்டரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணக்கில் பெரிய பெயர் எடுத்தவர், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனுக்குச் செயலாளராக இருந்தவர். பங்களாவும் பதவியும் இருந்த ஆள் அதை விட்டுட்டு, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு பேரோடு கரிசல் காட்டில் கூடாரம் அடித்தார். ஒரு இடத்தில் கொஞ்ச நாள், சுற்றியுள்ள ஊர்களை நடந்து பார்ப்பது, பிறகு கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடம். மிஷன் காம்பவுண்டு கட்டி ஜனங்களை உள்ளே வரச் சொல்வது அப்போதைய வழக்கம். இவர் ஜனங்க இருக்கிற இடத்துக்குத் தானே போனார்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. தெற்கத்திச் சபைகள் தங்கள் சொந்தச் செலவில் உபதேசியார்களை முறை வைத்து இங்கே அனுப்பின. பனையேறிச் சம்பாதித்த ஜனங்களின் காணிக்கையும் அந்தச் செலவுக்குள் இருந்திருக்கும். ‘வெள்ளைக்காரன் காசில் வந்த மதம்’னு ஒரே வரியில் முடிக்கிறவங்க இதைக் கணக்கில் எடுக்கிறதில்லை.

முதல் சில வருஷங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சொற்பம். ராக்லண்ட் 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் இறந்துபோனார். வயசு 43. கோதுமை மணி மண்ணில் விழுந்து சாக வேண்டும் என்ற யோவான் சுவிசேஷ உவமையைத் தன் வழிமுறையாகவே அவர் சொல்லி வந்திருக்கிறார். விதைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது புரியுது. விதையை எடுத்து அழகு பார்த்துக்கிட்டு இருந்தா முளைக்காது. மண்ணோடு மண்ணாகிற அளவுக்கு விட்டுக் கொடுக்கணும். ஆனா அவர் விட்டுப்போன கேள்வி ஒண்ணு இருக்கு. வந்து பேசிட்டுப் போற கூடாரம் சரி, இங்கேயே குடியிருக்கிற சபை எப்படி இருக்கணும்? சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் பள்ளிக்கூடங்களும் நிறுவனங்களுமா வளர்ந்தது பிற்பாடு. ஊர்ச் சபைகளும் மெதுவாத்தான் வேர் பிடிச்சன.

அறுப்புப் பண்டிகை எந்த மாசம்?

விளைச்சலைக் கோயிலில் வைக்கிற இந்தப் பண்டிகை ஏதோ ஆதிகாலத்திலிருந்து வருவதாக நான் நினைத்திருந்தேன். யூதர்களுக்கு அறுப்புப் பண்டிகை உண்டு, அது பழசுதான். ஆனால் இன்றைய சர்ச் வடிவத்துக்கு ஒரு தேதியே இருக்கு. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் மார்வென்ஸ்டோ என்ற கிராமம். அங்கே ராபர்ட் ஹாக்கர் என்ற குரு 1843 அக்டோபரில், அறுவடை முடிந்த தன் ஊர் ஜனங்களுக்காக நன்றி ஆராதனை ஒன்றை ஏற்பாடு செய்தார். அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. ராக்லண்ட் இங்கே கூடாரம் அடித்ததற்கு வெறும் 11 வருஷம் முன்னாடி!

அக்டோபர் இங்கிலாந்துக்குச் சரி. இங்கே? ஐப்பசியில் எங்க காட்டில் விதை இப்பத்தான் முளை விட்டு நிக்கும். வானம் பாத்த பூமி. புரட்டாசிக் கடைசியில் விதைப்பு, வடகிழக்குப் பருவமழையை நம்பி. மார்கழி, தையில் பாசி, உளுந்து. தை, மாசியில் மக்காச்சோளம், மல்லி. பருத்தி பங்குனி வரைக்கும் இழுக்கும். கையில் நாலு காசு புரள்வதே மாசிக்கு மேலதான். அப்போ ஸ்தோத்திரப் பண்டிகை எப்போ வைக்கணும்? இங்கிலாந்துப் பஞ்சாங்கப்படியா, கரிசல் பஞ்சாங்கப்படியா?

எங்க பக்கத்து ஊர்ச் சபைகள் வெவ்வேறு மாசங்களில் வைக்கிறதுக்குக் காரணம் இதுதான். கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் ஒரு மாசம், மானாவாரி ஊரில் வேற மாசம். மண்ணைக் கேட்டுத்தான் தேதி வைக்கிறாங்க.

இதே மாதிரிதான் கைப்பிடி அரிசியும். சமைக்கும்போது உலையில் போடுற அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பது. வாரக் கடைசியில் அது கோயிலுக்கு. காசே பார்க்காத பெண்கள் காணிக்கை போட அது ஒரு வழி. மிசோரத்திலும் 1910லிருந்து இதே பழக்கம் இருக்கு. ‘புஹ்ஃபாய் தாம்’ என்பார்கள். அங்கே அந்தக் கைப்பிடி அரிசியே ஊழியச் செலவைத் தாங்குற பெரிய நிதியாக வளர்ந்திருக்கு. அடுப்படியில் நிற்கிறவளுக்கும் ஆராதனையில் ஒரு பங்கு உண்டு என்று யாரோ யோசித்ததால் வந்தது இது.

மெட்டு மாறிய கதை

பாட்டுக்கு வருவோம். ஆரம்பத்தில் மிஷன் கோயில்களில் ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ் வார்த்தையைத் திணித்துப் பாடினார்கள். நெடில் வர வேண்டிய இடத்தில் குறில், குறில் வர வேண்டிய இடத்தில் இழுவை. இன்னைக்கும் சில ஞானப்பாட்டுகளில் அந்த முட்டல் கேட்கும்.

தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ராக தாளத்தோடு நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் எழுதிக்கொண்டிருந்தார். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் அவற்றைத் தேடிப்போய்க் கேட்டு, தொகுத்து, 1853ல் ஆராதனைக்கான கீர்த்தனைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். நம்ம அருப்புக்கோட்டை, மண்டபசாலைப் பக்கச் சபைகள் எல்லாம் அந்த மிஷனைச் சேர்ந்தவை. தமிழ் ராகத்தில் சாமியைப் பாடலாம் என்பது அன்றைக்குப் பெரிய மாற்றம்.

ஆனா கீர்த்தனை கர்நாடக சங்கீதம். களை எடுக்கிறவ, நாத்து நடுறவ வாயில் வர்ற மெட்டு அது இல்லை. அந்த அடுத்த படிக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குப் போறதுக்கு முன்னாடி ‘கை’ பற்றி ஒன்று சொல்லணும்.

கைமேல் கை

சாதி வேதக்கோயிலுக்கு வெளியே நின்னுடலை. உள்ளேயும் வந்தது. தனித்தனி வரிசை, நற்கருணை வாங்குறதில் யார் முதல் யார் பின், தனிக் கல்லறை. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகமே ஆனது. கீர்த்தனை எழுதிய அதே சாஸ்திரியாரே அந்த உத்தரவை எதிர்த்தவர்களில் ஒருவர். ராகத்தில் புரட்சி செய்தவர் உட்காரும் பாயில் செய்யலை. வரலாறு அப்படித்தான், ஒரே ஆளை முழுசா மெச்சவும் விடாது, முழுசா ஏசவும் விடாது.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் என்று தனித்தனியாக இருந்தவை ஒன்றாயின. மதுரை-இராமநாதபுரம் பேராயத்துக்கு லெஸ்லி நியூபிகின் பேராயர் ஆனார். வயசு 37. சிவகாசிப் பக்கத்து சி.எம்.எஸ். சபையும் அருப்புக்கோட்டைப் பக்கத்து அமெரிக்கன் மிஷன் சபையும் ஒரே பேராயத்துக்குள் வந்தன. ஒருத்தர் புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிறவர், இன்னொருத்தர் மனசில் வர்றதை ஜெபிக்கிறவர். இவங்களுக்குப் பொதுவா ஒரு ஆராதனை முறை வேணுமே?

அதற்காக ஒரு குழு உட்கார்ந்து எழுதிய நற்கருணை ஆராதனை, 1950 ஜனவரியில் சென்னையில் கூடிய சினாடில் முதன்முதலாக நடத்தப்பட்டது. அதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, குரு ஜனங்களுக்கு முதுகு காட்டாமல் மேசைக்குப் பின்னால் நின்று ஜனங்களைப் பார்த்து நடத்தலாம். இரண்டு, ‘சமாதானம்’ பகிர்வது. குரு முதலில் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கடைசி வரிசை வரைக்கும் போகும். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் வைக்க வேண்டும். இருவரும் இடது கையால் மற்றவர் வலது கையை மூட வேண்டும். கேரளத்து சிரியன் சபைகளில் பழைய காலத்திலிருந்து இருந்த வழக்கம் அது. அதை எடுத்து எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். மேலைநாட்டுச் சபைகள் பின்னாடி தங்கள் ஆராதனை முறைகளைத் திருத்தியபோது இந்த சி.எஸ்.ஐ. முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது நிறைய.

டவுன்ல இருந்து பார்த்தா இது வெறும் கைகுலுக்கல். எங்க ஊர்ல இருந்து பாருங்க. டீக்கடையில் தனி டம்ளர் இருந்த காலம். கூலியைக் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்ட காலம். அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் சொல்லுது, உன் உள்ளங்கையை அவன் உள்ளங்கையில் வை, மேலே மற்ற கையால் மூடு என்று. ஒரு குறிப்புதான், சின்ன எழுத்தில் அச்சடிச்சது. ஆனா அதுக்குள்ள ஒரு ஊரையே புரட்டிப் போடுற சங்கதி இருக்கு.

நடந்ததா? சில இடத்தில் நடந்தது. பல ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு கோயில் என்று இருப்பதால் அந்தக் கை தன் சொந்தக்காரன் கையைத் தாண்டிப் போகவே இல்லை. ஆராதனை முறை எவ்வளவு நல்லா இருந்தாலும், கோயில் எந்தத் தெருவில் இருக்கு, யார் உள்ள வர்றாங்க என்கிறது அதைவிடப் பெரிசு. நியூபிகின் பிற்காலத்தில் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: சுவிசேஷத்துக்கு உரை எழுதுவது புத்தகம் இல்லை, அதன்படி வாழுற சபைதான்.

ஒரு ஒலை

மதுரை அரசரடியில் 1969ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) என்று ஒரு ஆசிரியர் இருந்தார். ‘பறட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டவர், மாணவர்களுக்குப் பறட்டை அண்ணன். தலித் கிறிஸ்தவர். அவர் செய்த வேலை, அந்த ஆராதனை முறை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், கிராமத்துப் பேச்சுத் தமிழில் போட்டது. பறை உட்பட கிராமத்து வாத்தியங்களோடு. சாவு வீட்டில் அடிக்கிற மேளம், ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பறையை எடுத்துக் கோயிலுக்குள் வைத்தார்.

அவர் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை ‘ஒரு ஒலை’. உலை என்பதைத்தான் நாம ஒலைன்னு சொல்றோம். அண்ணன் தம்பி பிரியாம இருந்தா ‘ஒரே ஒலையில சாப்பிடுறாங்க’ன்னு சொல்வோம்ல, அது. பாகப்பிரிவினை ஆனா முதல்ல பிரியறது அடுப்பு. அப்பாவு இதைத் திருப்பிப் போட்டார். நற்கருணை என்பது ஒரு துண்டு அப்பமும் ஒரு சொட்டு ரசமும் இல்லை, எல்லாரும் ஒரே பானையில் சமைத்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான். சாதி நிக்கிறதே ‘யார் யாரோட சாப்பிடலாம்’ங்கிற விதியில்தான். அதை உடைக்கிற இடமும் சாப்பாடுதான்.

இது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசு இல்லை. அங்கே ‘அசனம்’ உண்டு. கோயில் பண்டிகையில் பெரிய பெரிய அண்டாவில் சோறும் கறியும் ஆக்கி, ஜெபம் செய்து, வந்தவங்க எல்லாருக்கும் போடுவது. வேதக்காரங்க, மற்றவங்கன்னு பார்க்கிறதில்லை. எங்க குலசாமி கோயில் கறிவிருந்துக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பாவு அந்தப் பழக்கத்துக்குள்ள இருந்த அர்த்தத்தை வெளியே எடுத்து வைத்தார்.

காடு போய் மருந்து வந்தது

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் விவசாயத்தை நம்பிய ஊர்களின் கதை. ஆனா இன்னைக்கு எங்க பக்கம் காலை ஆறரைக்கு மெயின் ரோட்டில் நில்லுங்க. பஸ், வேன், ஷேர் ஆட்டோ. எல்லாம் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏத்துற வண்டி. காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கலைன்னு நாங்க புலம்புறது அதனாலதான்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923ல் சிவகாசியில் தொடங்கினார்கள். பட்டாசு 1940களில் வளர்ந்தது. இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இங்கிருந்து போகுதுன்னு சொல்வாங்க. காரணம் வேடிக்கையானது. எந்த வறட்சி எங்க விவசாயத்தைக் கொன்னதோ, அந்த வறட்சிதான் பட்டாசைக் காயப்போட வசதி. எங்க சாபம் அவங்களுக்கு வரம்.

இதை வைத்துத்தான் ஆடி மாசம் பக்கத்து ஊர் வேதக்கோயிலில் ஒரு கூட்டத்தில் பெரிய பேச்சு வந்தது. ஸ்தோத்திரப் பண்டிகை ஏற்பாட்டுக்கான கூட்டம். ஏலத்துக்குத் தவறாம வர்ற ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டு ஓரமா உட்கார வைத்தார்கள். வழக்கம்போல ‘மழைக்கான விசேஷ ஜெபம், புரட்டாசி முதல் ஞாயிறு’ன்னு ஒருத்தர் வாசித்தார். ஆலையில் பேன்சி வெடிப் பிரிவில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி எழுந்தாள்.

“அண்ணே, தீபாவளிக்கு முந்தி மழை பெய்ஞ்சா எங்களுக்கு வேலை கிடையாது. ஈரத்துல மருந்து காயாது. பீஸ் ரேட்டு, வேலை இல்லேன்னா சம்பளமும் இல்ல. கோயில்ல மழைக்கு ஜெபம் பண்ணும்போது நான் ஆமென் சொல்றதா, வாய மூடிட்டு நிக்கிறதா?”

யாரும் சிரிக்கலை. பெரியவர் ஒருத்தர், “பெறகு என்ன, வெயிலுக்கா ஜெபம் பண்ணச் சொல்றே?” என்றார் கோபமாக. அவள் விடலை. “விளைச்சல் பண்டிகைங்கிறீங்க. இந்தச் சபையில எத்தனை பேருக்குக் காடு இருக்கு? நாங்க மார்க்கெட்டுல வாங்கின வாழைப்பழத்தைத்தான் கொண்டாந்து வைக்கிறோம்.”

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அவ சொன்னது நெசம். அந்தச் சபையில் இப்போ ஏர் பூட்டுறவங்க கால்வாசி இருப்பாங்க. மற்றவங்க எல்லாம் மருந்துக் கையோட இருக்கிறவங்க. அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஒட்டினா லேசில் போகாது. அந்தக் கையோடதான் ஞாயித்துக்கிழமை ‘சமாதானம்’ கொடுக்கிறாங்க.

அவங்க வாழ்க்கையில் இன்னொரு பஞ்சாங்கமும் இருக்கு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை விபத்து. முப்பதுக்கும் மேலே உயிர் போனது. 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். இந்தத் தேதிகள் எங்க பக்கம் யாருக்கும் மறக்காது. பெரிய தேதி இவை. பேப்பரில் ரெண்டு வரி வந்து போற சின்னத் தேதிகள் ஏராளம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலக்கக் கூடாது, சரவெடி கூடாது என்று சொன்னது. காற்றுக்கு அது நல்லதுதான். ஆனா அந்தத் தீபாவளிக்கு அப்புறம் ஆலைகள் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது இதே தெருவில் அடுப்பு எரியாத வீடுகளை நான் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டிய வீட்டில் அரிசி இல்லை.

இதெல்லாம் ஆராதனைக்குள் வர வேண்டாமா? கூட்டம் ராத்திரி பத்து மணி வரைக்கும் போச்சு. கடைசியில் முடிவானது மூணு விஷயம்.

ஒண்ணு, சீசன் முடியும் வரைக்கும் ஞாயிறு ஆராதனை காலை ஒன்பதுக்குப் பதிலா சாயங்காலம் ஆறரை. சீசனில் ஞாயிறும் வண்டி வருது. ஒன்பது மணிக்கு மணி அடிச்சா வர்றது பென்ஷன்காரங்களும் பிள்ளைகளும்தான். கோவில்பிள்ளை மட்டும் முணுமுணுத்தார், அவருக்கு ராத்திரி கண் தெரியாது. ஒரு பையன் துணைக்குப் போட்டாங்க.

ரெண்டு, விபத்தில் செத்த ஊர்க்காரங்க பேரை அந்தந்தத் தேதிக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் வாசிப்பது. இதில்தான் சண்டை. செத்தவங்களில் பாதிப் பேர் வேதக்காரங்க இல்லை. “அவங்க பேரை நம்ம கோயில்ல எப்படி வாசிக்கிறது?” என்று ஒருத்தர் கேட்டார். சேகரகுரு இளவயசுக்காரர், அதுவரைக்கும் பேசாம இருந்தவர், “ஒரே ஷெட்டுல இருந்து ஒண்ணாத்தானய்யா செத்தாங்க” என்றார். அதுக்கு மேல யாரும் பேசலை.

மூணாவது, மழை ஜெபம். அதை எடுக்கலை. அதே ஜெபத்தில் கூலி இழக்கிறவங்களுக்காகவும் ரெண்டு வரி சேர்த்தாங்க. அதோட நிக்கலை. மழை நாளில் வேலை இல்லாத வீடுகளுக்குக் கைப்பிடி அரிசிப் பானையிலிருந்து கொடுப்பதுன்னு ஒரு வரி. அந்தப் பெண்தான் கேட்டு வாங்கினாள். ஜெபம் ரெண்டு பக்கமும் இழுத்தா, அரிசி நடுவுல நிக்கட்டும்னு சொன்னா.

இன்னும் சில பெரியவங்களுக்கு இதில் சம்மதம் இல்லை. “பாட்டன் காலத்துல இருந்து இப்படித்தான்” என்கிறார்கள். பாட்டன் காலம் எப்படி இருந்ததுன்னுதான் மேலே எழுதியிருக்கேன். கூடாரம் காம்பவுண்டை மாற்றியது. கீர்த்தனை ஞானப்பாட்டை மாற்றியது, பறை கீர்த்தனையை மாற்றியது. இங்கிலாந்து அக்டோபரைக் கரிசல் மாசி மாற்றியது. மாறினதாலதான் அது இந்த மண்ணில் நின்னது. மாறாம இருந்திருந்தா வெள்ளைக்காரனோட கப்பல் ஏறிப் போயிருக்கும்.

இது வேதக்கோயிலுக்கு மட்டும் இல்லை. எங்க அய்யனார் கோயில் கொடைக்கும் இதே கேள்விதான். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு லீவு இல்லாத நாளில் கொடை வைத்துவிட்டு, ‘கூட்டம் குறைஞ்சு போச்சு’ன்னு வருத்தப்படுறோம். டவுனில் சபை நடத்துறவங்களுக்கும், கோயில் கமிட்டியில் இருக்கிறவங்களுக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். நிகழ்ச்சி நிரல் எழுதுறதுக்கு முன்னாடி, திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை உங்க தெருவில் நடந்து பாருங்க. யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்க, யார் வீட்டில் அடுப்பு எரியுது, யாரோட யார் சாப்பிட மாட்டேங்கிறாங்க. அதுக்கு அப்புறம் பாட்டு நம்பர் எழுதலாம்.

நண்பருக்கு: மாசியில் ஏலம் இருக்கு, வாங்க. சேவலை எடுத்துட்டுப் போக வண்டியில் கூடை கொண்டு வாங்க. அடுத்த பதிவில் மறுபடி உளுந்துக்கு வந்துடுறேன். புரட்டாசி நெருங்குது, விதைக்கணும். எனக்கு மழை வேணும். அந்தப் புள்ளைக்கு வேலையும் வேணும்.